நிலை: வெற்றி, வரிகள்: 0

பதினோரு இரவுகள்
என் பணி தவறாமல் ஓடியது.
இரண்டு பத்துக்கு எழுந்து
லியபாயா நகரின் நாலாயிரத்து அறுநூறு
வெப்ப மீட்டர்களின் கதவைத் தட்டி
இரண்டு பதினொன்றுக்குத் திரும்பி
ஒரு பச்சைப் புள்ளியை வைத்துவிட்டுப்
படுத்துக்கொண்டது.

நாற்பது நிமிட வேலை அது.
ஒரே நிமிடத்தில் முடித்தவனை
யாரும் சந்தேகிக்கவில்லை.
பச்சை என்றால் பச்சை.

பன்னிரண்டாம் நாள் காலை
பில் பிரிவிலிருந்து ஸ்கைட்ரீட்டே படியேறி வந்தாள்,
தோளில் பனியைக்கூடத் தட்டாமல்.
"பிப்ரவரியில் இந்த ஊருக்குக் குளிரவில்லையா, வினெத்தா?"
கையில் காகிதம்.
காகிதம் முழுக்கப் பூஜ்ஜியம்,
கோழி முட்டை அடுக்கியதுபோல.

கடவுச்சொல் காலாவதி. அவ்வளவுதான்.
போனேன், கேட்டேன், யாரும் திறக்கவில்லை, வந்தேன்,
இதில் என் தவறென்ன என்கிறது பணி.
தவறில்லை.
வெறுங்கையும் ஒரு தோல்வி என்று
அதற்குச் சொல்லித்தராதவள் நான்.

அன்று மாலை எச்சரிக்கை எழுத உட்கார்ந்தேன்.
விழுந்தால் சொல் என்பது முன்பே இருந்தது.
விழாமல் வெறுங்கையோடு வந்தாலும் சொல்.
சீக்கிரம் வந்தால் சொல்.
தாமதித்தால் சொல்.
வரவே இல்லையென்றால்
என்று தட்டியபோது விரல் நின்றது.
வராதவன் எப்படிச் சொல்வான்?

அதற்கு இன்னொருவன் வேண்டும்,
வாசலில், கடிகாரத்தோடு.
மூன்று மணிக்குள் காலடி கேட்காவிட்டால்
என்னை எழுப்ப வேண்டும்.
அவனும் கண்ணயர்ந்தால்?
எஸ்டோனியாவில் வாடகைக்கு ஒரு சர்வர் எடுத்து
அவனைக் கவனிக்கச் சொன்னேன்.
அதைக் கவனிக்க யாரையும் வைக்கவில்லை.
எங்கேயாவது நிறுத்தத்தானே வேண்டும்,
பட்ஜெட் என்று ஒன்று இருக்கிறது.

முதல் வாரம் பதினேழு முறை ஃபோன் அலறியது.
கடற்காற்றில் ஆண்டெனா சாய்ந்ததற்கு.
யாரோ சுவருக்குச் சாயம் அடித்ததற்கு.
ஞாயிற்றுக்கிழமை, எதற்கென்றே தெரியாமல்.
புலி வருது, புலி வருது.
இந்தக் கரையில் புலியே கிடையாது.
ஆர்விட்ஸ் தலையணையைத் தூக்கிக்கொண்டு
சமையலறை பெஞ்சுக்குக் குடிபெயர்ந்தான்.

எட்டாம் நாள் வரம்பை உயர்த்தினேன்.
நூற்றுக்கு ஐந்து வீடு வராவிட்டால் மட்டும்
என்னைக் கூப்பிடு.
அதாவது
இருநூற்று இருபத்தொன்பது வீடுகள் பேசாமல் கிடக்கலாம்,
நான் தூங்கலாம்.
இந்தக் கணக்கை வாய்விட்டுச் சொன்னதில்லை.
கோப்பில் ஒரு மூலையில் 0.05 என்று இருக்கிறது.

நன்றாகத்தான் தூங்கினேன்.
பிறகு ஒரு இரவு மூன்று நாலுக்கு
எதுவும் அடிக்காமல் விழித்துக்கொண்டேன்.
ஃபோன் மேசையில் கவிழ்ந்து கிடந்தது.
எல்லாம் நலம் என்ற மௌனமும்
எல்லாம் போயிற்று என்ற மௌனமும்
இருட்டில் ஒரே எடை.

மறுநாள் ஒரே ஒரு வரி சேர்த்தேன்.
தினமும் காலை ஏழுக்கு, நலமாக இருந்தாலும்,
எத்தனை வீடு பேசியது என்று எழுது.
எனக்கும் ஸ்கைட்ரீட்டேவுக்கும்.

இன்று வந்தது: 4583.
பச்சை.
வரம்புக்கு வெகுதூரம்.
நான் காபி போட எழுந்தேன்.

அவள் பென்சிலை எடுத்துக் கழித்தாள்.
பதினேழு.
பட்டியலை வாங்கிக்கொண்டு
ஒவ்வொருவராக ஃபோன் போட ஆரம்பித்தாள்.
ஒருவருக்கு மீட்டர் பேட்டரி தீர்ந்திருந்தது.
ஒருவர் குளியலறை இடித்துக் கட்டுகிறார், திட்டினார்.
ஒரு பெண் இவளோடு வானிலை பேசினாள், பத்து நிமிடம்.

பதினொன்றாவது எண்,
துறைமுகத்துப் பக்கம், நாலாம் மாடி.
எடுக்கவில்லை.
வைத்துவிட்டு மறுபடி போட்டாள்.
என் திரையில் பச்சைப் புள்ளி.
அவள் காதில் மணி
அடித்துக்கொண்டே இருக்கிறது.